பள்ளி மேடையில் ஐந்து நிமிடம் கேட்போம்

தசரா விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த நாள் முதல் நவம்பர் 14 வரையிலான வாரங்கள் இருக்கின்றனவே, அவைதாம் நம் கோலார் தங்கவயல் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொற்காலம். ஆடிக் காற்றில் பறந்து கண்ணைக் கரித்த சைனைடு மேட்டுத் தூசி ஐப்பசி மழையில் அடங்கியிருக்கும். பாடப் புத்தகத்துக்குச் சற்றே ஓய்வு கிடைக்கும். ராஜ்யோத்சவத்துக்கு ஒரு கூட்டம் நடனம் பழகும். பிரதிபா காரஞ்சிக்குப் பெயர் கொடுக்கச் சொல்லி வகுப்பு வகுப்பாகச் சுற்றறிக்கை வரும். குழந்தைகள் தின மாறுவேடப் போட்டிக்கு என்ன வேடம் என்று வீட்டில் சண்டை நடக்கும். இருபத்தாறு ஆண்டுகள் இந்தச் சுரங்க ஊரில் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்த வாரங்களைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. அதை நம் சங்க அன்பர்களில் சிலர் ஏற்கமாட்டார்கள் என்பதும் தெரியும். ஆயினும் எழுதுகிறேன்.

நாம் ஞாயிற்றுக்கிழமை மண்டபம் பிடித்து நடத்துகிற குழந்தைகள் விழாவைவிட, பிள்ளைகள் படிக்கிற பள்ளியின் மேடையில் தமிழுக்குக் கிடைக்கும் ஐந்து நிமிடம் பெரிது என்பதே என் கருத்து. மண்டப விழா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொன்னாடைக்கும் புகைப்படத்துக்கும் போக மிஞ்சும் நேரத்தில் அங்கேயும் பிள்ளைகள் நன்றாகத்தான் பாடுகிறார்கள். ஆனால் எந்த மொழிக்கு மதிப்பு உண்டு, எந்த மொழி வீட்டுக்குள் மட்டும் பேசிக்கொள்ள வேண்டியது என்பதை ஆறு வயதுப் பிள்ளை சங்கத்தில் கற்றுக்கொள்வதில்லை. பள்ளியில் கற்றுக்கொள்கிறது. தலைமையாசிரியை நாற்காலியில் அமர்ந்து கேட்க, கூடப் படிப்பவர்கள் கைதட்ட, ஒலிபெருக்கியில் எந்த மொழி ஒலிக்கிறதோ அதுவே அந்தப் பிள்ளையின் மனத்தில் பெரிய மொழி.

நம் வீடுகளில் விஜயதசமியன்று நடப்பதை எண்ணிப் பாருங்கள். தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, பேரப்பிள்ளையின் விரலைப் பிடித்துத் தாத்தா 'அ' எழுத வைக்கிறார். எல்லாரும் மகிழ்கிறோம், இனிப்புக் கொடுக்கிறோம். மறுநாள் அந்த அரிசி உலைக்குப் போகிறது. எழுத்தும் அதோடு போகிறது. அந்தப் பிள்ளை போகிற பள்ளியில் தமிழ் கிடையாது. அங்கே கன்னட 'அ' உண்டு, ஆங்கில 'ஏ' உண்டு. அரிசியில் எழுதிய எழுத்தைப் பலகையிலோ தாளிலோ மறுபடி எழுதாமலே பத்தாம் வகுப்பு முடித்து, பெங்களூரில் வேலைக்கும் போய்விட்ட பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே ஏராளம். அவர்கள் அழகாகத் தமிழ் பேசுகிறார்கள். ரயில் நிலையப் பலகையில் உள்ள தமிழைப் படிக்கச் சொன்னால் சிரித்து மழுப்புகிறார்கள்.

இந்த ஊரின் பழைய கதை தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே சுரங்க வேலையை எடுத்துக்கொண்ட பிறகு, வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலம், தருமபுரிப் பக்கங்களிலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் வந்து குடியேறியவர்களின் வழிவந்தவர்கள் நாம். மூங்கில் தட்டி வைத்த லைன் வீடுகளில் குடியிருந்து, கேஜில் ஏறிப் பூமிக்குள் இறங்கி, சாம்பியன் ரீஃபில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போய்ப் பாறை உடைத்தவர்கள். பாறை வெடித்து இறந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் படிக்காதவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ், அவர் மறைந்த பிறகு 1926 முதல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு இந்தத் தங்கவயலிலிருந்துதான் வெளிவந்தது. இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள் அதை வாங்கிப் படித்திருக்கிறார்கள், படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். அந்த ஊரின் நான்காம் தலைமுறைக்குத் தமிழ் எழுத்து தெரியவில்லை என்றால், அது அரசாங்கத்தின் குற்றம் மட்டும்தானா?

அரசாங்கத்தின் மேல் குறை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் தெரிந்து வைத்திருக்கிறோம்? மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்று அரசியலமைப்புச் சட்டத்தின் 350-ஏ பிரிவு கூறுகிறது. மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்த 1956ஆம் ஆண்டிலேயே சேர்க்கப்பட்ட பிரிவு அது. அதற்கும் முன்பு, 1949 ஆகஸ்டில் கூடிய மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாட்டில் ஒரு கணக்கும் ஒப்புக்கொள்ளப்பட்டது. ஒரு பள்ளியில் நாற்பது பிள்ளைகளோ, ஒரு வகுப்பில் பத்துப் பிள்ளைகளோ ஒரே தாய்மொழியினராக இருந்தால் அந்த மொழியில் கற்பிக்க ஓர் ஆசிரியர் வேண்டும் என்பதே அந்தக் கணக்கு. கர்நாடகப் பாடநூல் சங்கம் தமிழிலும் பாடநூல் அச்சிடுகிறது. இவ்வளவும் இருந்தும், தங்கவயலில் தமிழ் வகுப்புகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதற்குப் பிள்ளைகள் சேராததும் பெரிய காரணம். 1994இல் கர்நாடக அரசு முதல் நான்கு வகுப்புகளில் தாய்மொழி வழியை வற்புறுத்தியபோது, ஆங்கிலப் பள்ளிக்காக முணுமுணுத்தவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். அந்த வழக்கு நீண்டு, பயிற்றுமொழியை அரசு திணிக்கலாகாது என்று 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. இனி எந்த வழியில் படிப்பது என்பது பெற்றோர் விருப்பம்.

அந்த விருப்பத்தை நான் பழிக்கமாட்டேன். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபோது வீட்டில் அடுப்பு எரியுமா என்பதே கேள்வியாக இருந்தது. அதன் பிறகு ஆங்கிலம் தெரிந்தவனுக்கே பெங்களூரில் வேலை என்று ஆனபோது, எந்தத் தகப்பன் பிள்ளையைத் தமிழ் வழியில் சேர்ப்பான்? சேர்க்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆகவேதான் நான் கேட்பது சிறிது. பள்ளி எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும், பயிற்றுமொழி எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் அந்தப் பள்ளி மேடை போடுகிறதே, அதில் தமிழுக்கு ஓர் இடம் கேட்போம்.

முதலில் பிரதிபா காரஞ்சி. கர்நாடகக் கல்வித் துறை இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடத்திவரும் போட்டி இது. பள்ளி அளவில் தொடங்கி, கிளஸ்டர், தாலுகா, மாவட்டம் என்று மேலே போகும். கதை சொல்லல், மாறுவேடம், களிமண் பொம்மை, தேசபக்திப் பாடல் என்று பல பிரிவுகள். மனப்பாடம் செய்து ஒப்புவிக்கும் பிரிவில் கன்னடம், ஆங்கிலம், இந்தியோடு தமிழ், தெலுங்கு, உருது, மராத்தி ஆகிய மொழிகளுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். நாம் போராடிப் பெற்றதல்ல. அரசாங்கமே கொடுத்த இடம். ஓர் ஆண்டு என்னை நடுவராக அழைத்திருந்தார்கள். ஆங்கில ஒப்புவித்தலுக்கு அறை கொள்ளாத கூட்டம். தமிழுக்கு வந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒரு சிறுமி தெலுங்கு வீட்டுப் பெண். பக்கத்து வீட்டு ஆயாவிடம் கற்றுக்கொண்டு வந்தாளாம். கொன்றைவேந்தனை ஒரு பிழையில்லாமல் சொல்லி முதல் பரிசு வாங்கிக்கொண்டு போனாள். எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் வெளியே மைதானத்தில் தமிழில் கத்திக்கொண்டு ஓடியாடிய நூறு பிள்ளைகளைப் பார்த்தபோது, இவர்களுடைய பெயரைக் கொடுக்க ஒரு தாய்க்கும் தோன்றவில்லையே என்றிருந்தது.

அடுத்தது நவம்பர் 1. இதைப் பற்றித்தான் நம் அன்பர்களோடு எனக்குச் சண்டை. "அது அவர்கள் விழா, நமக்கென்ன" என்கிறார்கள் சிலர். 1956இல் அதே நாளில்தான் சென்னை மாநிலத்துக்கும் மொழிவாரி எல்லை அமைந்தது. மைசூர் மாநிலம் 1973இல் அதே நாளில்தான் கர்நாடகம் என்று பெயர் பெற்றது. இரண்டு பக்கத்துக்கும் பொதுவான நாள் அது. நாம் பிறந்தது இந்த மண்ணில். நம் ரேஷன் அட்டை, ஓட்டு, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் இங்கே. குவெம்பு எழுதிய நாடகீதத்தை நம் பிள்ளை உச்சரிப்புப் பிசகாமல் பாட வேண்டும், முதல் வரிசையில் நின்று பாட வேண்டும். கன்னடத்தை அரைகுறையாகக் கற்ற பிள்ளையின் தாய் தமிழுக்கு இடம் கேட்டால் யார் மதிப்பார்கள்? பள்ளி மேடையில் சர்வக்ஞரின் மூன்றடியை ஒரு பிள்ளையும் வள்ளுவரின் ஈரடியை ஒரு பிள்ளையும் அடுத்தடுத்துச் சொன்னால் எவருக்கும் வருத்தம் வராது. பெங்களூர் அல்சூரில் பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்த வள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டதும், அதே வாரத்தில் சென்னையில் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டதும் நினைவிருக்கும். முதலமைச்சர்கள் இருவர் கூடிச் செய்ததை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் செய்யக் கூடாதா?

இதை எழுதும்போது 1991 டிசம்பரும் 2016 செப்டம்பரும் என் நினைவுக்கு வராமல் இல்லை. காவிரிப் பிரச்சினை கிளம்பும்போதெல்லாம் நம் வீடுகளில் பெரியவர்கள் பிள்ளைகளிடம் ஒன்றைச் சொல்கிறார்கள்: "ரயிலில் தமிழில் சத்தமாகப் பேசாதே." தங்கவயலில் நாம் பெருங்கூட்டமாக வாழ்கிறோம், இங்கே பயமில்லை. ஆனால் பெங்களூருக்குப் போய்வருகிறவர்களின் பயம் மாலை ரயிலில் ஏறி இங்கேயும் வந்து சேர்ந்துவிடுகிறது. அந்தப் பயத்தைப் பிள்ளைக்குள் விதைத்துவிட்டு, பிறகு தமிழ்ப் பற்று இல்லையே என்று அங்கலாய்ப்பது எப்படி நியாயம்? பள்ளி மேடையில் எல்லார் முன்னிலையிலும் தமிழில் பேசிக் கைதட்டல் வாங்கிய பிள்ளை, அதைப் பயந்து ஒளிக்க வேண்டிய பொருளாக எண்ணாது. கைதட்டுபவர்களில் கன்னடப் பிள்ளைகளும் இருப்பார்கள் என்பதுதான் இதில் முக்கியம். சங்க மண்டபத்தில் அது கிடைக்காது.

மூன்றாவதாக நவம்பர் 14. குழந்தைகள் தின விழாவுக்கு யார் வந்து உட்காருகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? பெற்றோர் வருவதில்லை. விடியுமுன் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃப்ஸிலும் ரயிலேறிப் பெங்களூருக்குப் போனவர்கள் அவர்கள், ஆயிரக்கணக்கில் போகிறவர்கள். பிள்ளை தூங்கும்போது கிளம்பி, பிள்ளை தூங்கிய பின் திரும்புகிறவர்கள். பிற்பகல் விழாவுக்கு முன்வரிசையில் வந்து உட்காருவது ஆயாக்களும் தாத்தாக்களுமே. சுரங்கத்தில் நுரையீரலைக் கொடுத்துவிட்டு இருமிக்கொண்டே வருகிற தாத்தாக்கள். மேடையில் நடப்பது முழுவதும் ஆங்கிலம். வரவேற்புரை ஆங்கிலம், நாடகம் ஆங்கிலம், நேருவைப் பற்றிய பேச்சும் ஆங்கிலம். பேத்தி என்ன சொல்கிறாள் என்று தெரியாமலே ஆயா கைதட்டுகிறாள். "நல்லா சொல்லிச்சு கண்ணு" என்று பக்கத்தில் இருப்பவளிடம் பெருமைப்படுகிறாள். என்ன சொன்னது என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. இரண்டு மணி நேர விழாவில் அவளுக்குப் புரிகிறபடி ஐந்து நிமிடம் கூடவா ஒதுக்க முடியாது?

கேட்டால் கொடுக்கிறார்கள் என்பது என் அனுபவம். எப்போதும் அல்ல. என் பேத்தி படிக்கும் ஆங்கிலப் பள்ளியில் மூன்று ஆண்டுகளுக்கு முன் ஏழெட்டுத் தாய்மார்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். தலைமையாசிரியை முதலில், "எதற்கு மேடம் வம்பு, யாராவது ஏதாவது சொல்வார்கள்" என்றார். கன்னட வாழ்த்து முடிந்த பிறகு, கன்னடப் பாட்டு ஒன்றுக்கும் தெலுங்குப் பாட்டு ஒன்றுக்கும் நடுவில் தமிழ்ப் பாட்டு ஒன்று என்று சொன்னதும் யோசித்தார். அந்த ஆண்டு மறுத்துவிட்டார். அடுத்த ஆண்டு கன்னட ஆசிரியையே எங்களுக்காகப் பேசினார். தெலுங்குக்காரர்களும் எங்களோடு வந்தார்கள். நான்கு நிமிடம் கிடைத்தது. ஐந்து கேட்டோம், நான்கு கிடைத்தது.

அந்த விழாவின் மாறுவேடப் போட்டியில் ஐந்து பையன்கள் 2018இல் வந்த கே.ஜி.எஃப் திரைப்படக் கதாநாயகனாகத் தாடி ஒட்டிக்கொண்டு வந்தார்கள். அந்தப் படத்தால் உலகத்துக்கே நம் ஊர்ப் பெயர் தெரிந்தது, அதில் நம் தாத்தாக்களின் வாழ்க்கை எவ்வளவு இருக்கிறது என்பது வேறு விஷயம். ஆறாவதாக ஒரு பையன், தன் தாத்தா பரணில் வைத்திருந்த இரும்புத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, நெற்றியில் விளக்குக் கட்டி வந்தான். ஷாஃப்ட் என்றால் என்ன, கேஜ் எப்படி இறங்கும், சங்கு ஊதினால் ஊர் ஏன் நடுங்கும் என்று தமிழில் இரண்டு நிமிடம் பேசினான். யாரும் எழுதிக் கொடுத்த பேச்சு அல்ல, தாத்தா வாயால் கேட்டது. முன்வரிசை முழுவதும் நிசப்தம். பரிசு அவனுக்குக் கிடைக்கவில்லை. தாடிக்காரன் ஒருவனுக்குப் போயிற்று. அதைப் பற்றி நடுவர்களிடம் பேச எனக்கு ஆசைதான், அடக்கிக்கொண்டேன்.

நம்மைப் போலவே கடல் கடந்து போனவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். நம் முன்னோர் இங்கே சுரங்கத்துக்கு வந்த அதே காலத்தில் தமிழ் மாவட்டங்களிலிருந்து கப்பலேறி மலாயா ரப்பர்த் தோட்டங்களுக்குப் போனவர்கள் உண்டு. அங்கே 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தில், தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் முதலாளி பள்ளி வைத்துக் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. கொட்டகைப் பள்ளிகள்தாம், ஆசிரியர் பல இடங்களில் கங்காணியேதான். ஆனால் அந்தப் பள்ளிகளை அவர்கள் விடவில்லை. தோட்டம் விற்கப்பட்டு மக்கள் நகரத்துக்குப் போனபோது பள்ளியையும் கூடவே இடம் மாற்றிக்கொண்டு போனார்கள். இன்று மலேசியாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்த் தொடக்கப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கும் பத்து, 1949இல் இங்கும் பத்து. கணக்கு ஒன்றுதான். நமக்கு அவ்வளவு கைகூடவில்லை. கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் ஈழத்து அன்பர்கள் சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்பு நடத்துகிறார்கள். நம் சங்கமும் அதைச் செய்யலாம், செய்ய வேண்டும். ஆனால் வகுப்பில் கற்றதைச் சொல்லிக்காட்ட ஒரு மேடை இல்லாவிட்டால் இரண்டே மாதத்தில் பிள்ளை சலித்துவிடும். ஆசிரியையாக இருந்த எனக்குத் தெரிந்த உண்மை இது: போட்டி இருக்கிறது என்றால் படிக்கும், இல்லையென்றால் விளையாடப் போய்விடும்.

ஆகவே விஜயதசமியன்று அரிசியில் எழுதிய கையை விட்டுவிடாமல், அன்றிலிருந்து தினம் கால் மணி நேரம் ஒரு நோட்டுப் புத்தகம் போடச் சொல்லுங்கள். பெற்றோருக்கு நேரமில்லை என்றால் ஆயா தாத்தா இருக்கிறார்கள். அவர்களுக்கு எழுதத் தெரியாவிட்டால் பாட்டு தெரியும். சங்கத்தார் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வாழ்த்துப் பலகைக்கும் சால்வைக்கும் ஆகும் செலவில் கொஞ்சத்தை எடுத்து, பிரதிபா காரஞ்சி தமிழ்ப் பிரிவுக்குப் பெயர் கொடுக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தமிழ்ப் பாட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம். வெற்றி பெற்றவர்களுக்கு மட்டும் அல்ல, பெயர் கொடுத்த எல்லாருக்கும். பள்ளிக்குப் போய்க் கேட்கும்போது கறுப்புக் கொடி வேண்டாம், மனு வேண்டாம். தாய்மார்கள் நான்கு பேர் போதும். பேச்சைக் கன்னடத்தில் தொடங்குங்கள்.

என்ன பாட்டு சொல்லிக் கொடுப்பது என்று கேட்பவர்களுக்கு ஒரு யோசனை. ராஜ்யோத்சவத்துக்கும் குழந்தைகள் தினத்துக்கும் நட்ட நடுவில், நவம்பர் 7, அழ. வள்ளியப்பாவின் பிறந்த நாள். 1922இல் புதுக்கோட்டைப் பக்கம் ராயவரத்தில் பிறந்து, இந்தியன் வங்கியில் பணியாற்றிக்கொண்டே வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளுக்காகவே எழுதியவர். 'மலரும் உள்ளம்' தொகுதியை வாங்கினால் ஒன்றாம் வகுப்புக்கும் பாட்டு உண்டு, ஐந்தாம் வகுப்புக்கும் உண்டு. கடினமான சொல் கிடையாது, தாளம் தானே வரும். என் பேத்தியும் அதில் ஒரு பாட்டைத்தான் இந்த ஆண்டுக்கு எடுத்திருக்கிறாள். 'ழ' வரும் இடத்தில் இன்னும் தடுமாறுகிறாள். பதினான்காம் தேதிக்கு நாள் இருக்கிறது.